அக்கரையும் இக்கரையும் ஓரூர் ஆகுமா?

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும், தஞ்சாவூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் கிழக்கே திருவெறும்பூரும் இன்று ஒரே மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியுள்ளன. ஆயினும் இவை ஒரே ஊரா, அடுத்தடுத்து அமைந்த வெவ்வேறு ஊர்களா என்னும் கேள்விக்குக் கோயில் மரபு ஒரு விடையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு விடையும், உள்ளாட்சிச் சட்டம் மற்றொரு விடையும் தருகின்றன. குடிநீர்க் குழாய் எதுவரை நீளும், குப்பை எங்கே கொட்டப்படும், வீட்டுவரி எந்த விகிதத்தில் விதிக்கப்படும், தெருவில் நீர் தேங்கினால் யாரிடம் முறையிடுவது என்பன யாவும் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இதைப் பெயரைப் பற்றிய வழக்காக மட்டும் கருதிவிட முடியாது.

ஆறு வகுத்த எல்லை

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து செல்வதால் உருவான தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. தேவாரம் பாடப்பெற்ற தலங்களைக் காவிரியின் வடகரை, தென்கரை என வகுக்கும் மரபில் திருவானைக்கா வடகரைத் தலமாகவும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் திருவெறும்பூரும் தென்கரைத் தலங்களாகவும் எண்ணப்படுகின்றன. தேவர்கள் எறும்பு வடிவில் சிவபெருமானை வழிபட்டதாகக் கூறும் தலபுராணத்தால் பெயர்பெற்ற திருவெறும்பூரை, அப்பர் பாடிய காலத்திலேயே தனித்த ஊராக, திருவெறும்பியூர் என்னும் பெயருடன் காண்கிறோம். வைணவ மரபிலும் திருவரங்கமும், முற்காலச் சோழர் தலைநகரான உறையூரும் இரு தனித் திவ்ய தேசங்களாகவே எண்ணப்படுகின்றன.

இந்தத் தனித்தன்மை உறவுக்குத் தடையாக இருந்ததில்லை. பங்குனி உற்சவத்தில் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி காண்பது இன்றும் தொடர்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் தனிப்பெயரும் தனிச்சிறப்பும் இருக்க, அவற்றுக்கிடையே போக்குவரவும் உரிமையும் நிலவுவதே இந்தப் பகுதியின் பழைய ஏற்பாடு.

நகராட்சிகள் ஒன்றான விதம்

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-ல் அமைக்கப்பட்டது. ஆற்றுக்கு அப்பால் திருவரங்கம் நெடுங்காலம் தனி நகராட்சியாக இயங்கியது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-ல் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது நகரின் தென்கிழக்கில் ஒரு தொழிலாளர் ஊர் எழுந்தது. 1960-களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் திருவெறும்பூர் வட்டாரத்தில் அமைந்தன. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டு, பின்னர் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்தது. ‘பெல்’ என்று மக்கள் அழைக்கும் அந்தக் கொதிகலன் ஆலையின் வேலை நேரத்தையொட்டித் தஞ்சாவூர் சாலையின் இருமருங்கும் குடியிருப்புகளும் கடைகளும் பெருக, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் ஆகியவற்றுக்கிடையே இருந்த வயல்வெளிகள் படிப்படியாக மறைந்தன.

இந்தப் பின்னணியில், திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளைத் திருச்சிராப்பள்ளி நகராட்சியுடன் இணைத்து 1994 ஜூன் 1-ல் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. திருவெறும்பூர் பேரூராட்சியும் அதனையொட்டிய சில ஊராட்சிகளும் 2011-ல் சேர்க்கப்பட்டு, மாநகராட்சி 65 வார்டுகளாக விரிந்தது.

ஒரே நகரத்துக்கு மூன்று கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு திருச்சியின் அளவைச் சொல்ல முற்படுபவர் மூன்று எண்களைச் சந்திக்கிறார். கணக்கெடுப்புக்குக் கொள்ளப்பட்ட பழைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 8.47 லட்சம் பேரும், விரிவாக்கப்பட்ட எல்லைக்குள் சுமார் 9.16 லட்சம் பேரும், ‘நகரத் திரள்’ என்னும் கணக்கில் 10 லட்சத்துக்கும் சற்று அதிகமானோரும் வாழ்ந்தனர். நகரத் திரள் என்பது, நிர்வாக எல்லை எதுவாயினும், இடைவெளியின்றித் தொடர்ந்து பரவியுள்ள நகர்ப்புறத்தை ஒரே பரப்பாகக் கொள்ளும் புள்ளிவிவரக் கருத்தாகும். அதற்கு மன்றமும் இல்லை, வரிவிதிக்கும் அதிகாரமும் இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் ‘பெருநகரப் பகுதி’ என்னும் மற்றொரு கருத்தையும் வரையறுக்கிறது. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்டதாகவும், இரண்டோ அதற்கு மேற்பட்டோ நகராட்சிகளையோ ஊராட்சிகளையோ உள்ளடக்கியதாகவும் இருக்கும் பகுதியை ஆளுநர் அவ்வாறு அறிவிக்கலாம். அதற்கெனத் திட்டக்குழுவும் அமைக்கப்பட வேண்டும். உள்ளாட்சிகள் தனித்தனியே நீடித்துக்கொண்டே சேர்ந்து திட்டமிட முடியும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருப்பதால், இணைத்தாக வேண்டும், இல்லையேல் பிரித்தாக வேண்டும் என்னும் இரண்டே வழிகள்தான் உண்டு எனக் கருதுவது பொருந்தாது.

எல்லை காணாத நீரும் குப்பையும்

ராஜராஜ சோழன் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, மாநகரின் நடுவே ஓடி, திருவெறும்பூர் வட்டாரத்து வாழவந்தான்கோட்டை வரை செல்கிறது. நகரில் அதனுள் விடப்படும் கழிவுநீர் கிழக்கே உள்ள பாசனக்காரர்களையே சென்றடைகிறது. அவ்வாறே, பல பத்தாண்டுகளாக மாநகரின் குப்பை கொட்டப்பட்ட அரியமங்கலம் கிடங்கின் புகையையும் நாற்றத்தையும் தாங்கியவர்கள் தஞ்சாவூர் சாலைப் பகுதி மக்கள். ஓர் இடத்தின் செயல் மற்றோர் இடத்தின் வாழ்வைப் பாதிக்கும்போது, பாதிக்கப்படுவோருக்கு முடிவெடுக்கும் மன்றத்தில் இருக்கை இருக்க வேண்டும் என்பதே இணைப்புக்கான வலுவான நியாயம்.

திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் இணைப்புக்கு வேறொரு சான்று. 1976-ல் திறக்கப்பட்ட அப்பாலம் 2022-23-ல் பழுதுபார்ப்புக்காகப் பல மாதங்கள் மூடப்பட்டபோது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அன்றாடம் ஆற்றைக் கடந்தோர் நெடுந்தொலைவு சுற்றிச் செல்ல நேர்ந்தது. பாலத்தை நம்பி வாழும் இரு கரைகளும் அன்றாட வாழ்வில் ஒரே ஊர் என்பதை அந்த மாதங்கள் மெய்ப்பித்தன.

ஆனால் இணைப்பினால் மட்டும் எல்லாம் தீர்வதில்லை. தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, மாநகராட்சி, துவாக்குடி நகராட்சி எனப் பலரைச் சார்ந்தது. மாநகராட்சி எல்லையை எவ்வளவு கிழக்கே நகர்த்தினாலும் அந்தச் சிக்கல் தானாக அவிழாது.

பிற ஊர்கள் கண்ட வழி

தாமிரபரணியின் இரு கரைகளிலும் அமைந்த திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் திருச்சியைப் போலவே 1994-ல் ஒரே மாநகராட்சியாயின. எனினும் பாளையங்கோட்டை என்னும் பெயரும் பெருமையும் குன்றவில்லை. கர்நாடகத்தில் சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள ஹூப்ளியும் தார்வாடும் 1962-ல் இணைக்கப்பட்டன; தார்வாடு புறக்கணிக்கப்படுகிறது என்னும் மனக்குறை தொடர்ந்ததால், அதற்குத் தனி மாநகராட்சி அமைக்க மாநில அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. தன்யூப் ஆற்றின் இரு கரைகளிலிருந்த ஊர்கள் 1873-ல் இணைந்து புடாபெஸ்ட் ஆன வரலாற்றுக்கு எதிர்ப்புறத்தில், அமெரிக்காவின் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் இன்றும் தனித்தனி நகரங்களாகவே உள்ளன. கழிவுநீர், பொதுப் போக்குவரத்து போன்றவற்றை 1967-ல் தோன்றிய வட்டார மன்றம் ஒன்று இரண்டுக்கும் பொதுவாகக் கவனிக்கிறது.

ஓரத்து ஊர்களின் அச்சம்

திருச்சி உள்ளிட்ட மாநகராட்சிகளுடன் மேலும் பல ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் முன்வைத்தபோது, பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கே உரியது என்பதால், நகரத்தில் சேரும் நாளிலேயே விவசாயக் கூலிகள் அந்த வேலையை இழக்கிறார்கள், வரியோ உயர்கிறது, குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகலாம். ஊரார் அனைவரும் கூடிப் பேசும் கிராம சபையும் இல்லாமற்போகிறது. 2022 முதல் நகரங்களில் கூட்டப்படும் பகுதி சபைகள் அந்த இடத்தை நிரப்ப வேண்டுமாயின், அவை ஒழுங்காகக் கூட்டப்பட்டு, அவற்றின் தீர்மானங்கள் மன்றத்தில் மதிக்கப்பட வேண்டும்.

ஆகவே, அண்டை ஊர்களை ஒன்றாகக் கொள்ளலாமா என்னும் கேள்வியைப் பணி வாரியாகக் கேட்பதே நேர்மையான முறை. ஆறு, வாய்க்கால், குப்பை, பேருந்து, பெருஞ்சாலை போன்று எல்லை கடந்து செல்பவற்றுக்கு ஒரே பொறுப்பாளர் தேவை. தெரு, பூங்கா, குளம், திருவிழா, பெயர் போன்று ஓரிடத்தில் வேர்கொண்டவற்றின் முடிவு அந்தந்த ஊராரிடமே இருக்க வேண்டும். அதோடு, ஒன்றாக்கிய பின் மலைக்கோட்டைத் தெருவுக்குக் கிடைக்கும் குடிநீரும் துப்புரவும் திருவெறும்பூரின் கடைசித் தெருவுக்கும் கிடைக்கின்றனவா என்பதே அந்த ஒருமையை அளக்கும் கோல். அந்த அளவில் தேறும்வரை, வரைபடத்தில் அழிக்கப்பட்ட எல்லைக்கோடு மக்களின் வாழ்வில் அழியாமலே இருக்கும்.