ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்: பழசாக ஆக ஏன் நல்லா இருக்கு?

இந்த எபிசோடுல பேஸ் கிடார் ஸ்ட்ரிங்ஸ் பத்திப் பேசப்போறோம். பேஸ் வாசிக்காதவங்க ஸ்கிப் பண்ணிடாதீங்க. ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டை ஹெட்ஃபோன்ல கேட்டு, அடியில ஓடுற பேஸ் லைனைப் பின்தொடர்ந்திருந்தீங்கன்னா, இது உங்களுக்கும்தான்.

பேஸ் ஸ்ட்ரிங்குக்குள்ள நடுவுல ஒரு எஃகுக் கம்பி இருக்கும். அது மேல இன்னொரு கம்பியைச் சுத்தியிருப்பாங்க. சுத்துற கம்பி உருண்டையா இருந்தா ரவுண்ட்வவுண்ட். நாடா மாதிரி தட்டையா இருந்தா ஃப்ளாட்வவுண்ட். ரவுண்டைத் தொட்டா போல்ட் மரையைத் தடவுற மாதிரி இருக்கும். ஃப்ளாட் வழவழன்னு இருக்கும். விரலை இழுத்தா ‘க்ரீச்’னு சத்தம் வராது. வயலின் ஸ்ட்ரிங்ஸ் பெரும்பாலும் இப்படித்தான், மேல தட்டைக் கம்பி சுத்தினவை. கர்நாடக சங்கீதத்துல வயலின்காரர் விரலைத் தூக்காம எவ்வளவு தூரம் வழுக்கினாலும் உரசல் சத்தம் பெரிசா கேட்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

1951-ல ஃபெண்டர் ப்ரிஸிஷன் பேஸ் வந்தப்போ அதுல ஃப்ளாட்தான் இருந்தது. 60-கள்ல ‘தி ஹூ’ பேண்டோட ஜான் என்ட்விஸல் பளபளன்னு ஒலிக்கிற பேஸ் வேணும்னு ரோட்டோசவுண்ட் கம்பெனியோட உட்கார்ந்து வேலை பார்த்தார். அதுக்கப்புறம் ரவுண்ட்வவுண்ட் வேகமா பரவிடுச்சு. இப்போ கடையில வாங்குற புது பேஸ்ல பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

சரி, சத்தத்துல என்ன வித்தியாசம்? நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல கீழ் இ நோட்டோட அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆனா தட்டும்போது அது தனியா வராது. 82, 124, 165-னு அதோட மடங்குகளும் சேர்ந்து வரும். மேல இருக்கிற மடங்குகள்தான் அந்த ‘டிங்’குற பளபளப்பு. ஃப்ளாட்டுல நாடாச் சுற்றுகள் ஒண்ணை ஒண்ணு ஒட்டி நெருக்கமா இருக்கும். ஸ்ட்ரிங் வளையும்போது உள்ளேயே உராய்வு அதிகம். அதனால மேல் மடங்குகள் சீக்கிரமே அடங்கிடும். நம்ம பாஷைல சொன்னா, ஸ்ட்ரிங்லயே ஒரு லோ பாஸ் ஃபில்டர். மிஞ்சுறது ‘தும்’ங்கிற அடி.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. போன் ஸ்பீக்கரால 41 ஹெர்ட்ஸை ஒழுங்கா தர முடியாது. மேல் மடங்குகளை வெச்சுத்தான் நம்ம மூளை அந்த நோட்டை ஊகிக்குது. ஃப்ளாட்டுல அந்த மடங்குகள் குறைவு. அதனால போன்ல ரீல்ஸ் போடுறவங்களுக்கு ரவுண்ட் தெளிவா கேட்கும். லைவ்ல, ட்ரம்ஸோட கிக்கும் பேஸும் ஒட்டி உட்காரணும்னா ஃப்ளாட்.

அடுத்தது வயசு. மணவாள நகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், வாரத்துல ஆறு நாள் கம்பெனி ஷிஃப்ட், ஞாயிறு சர்ச்ல பேஸ். அவர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரவுண்ட் செட் மாத்துறார். காரணம் நம்ம ஊர் வெயிலும் வியர்வையும். ரவுண்டோட மரை இடுக்குல வியர்வை உப்பு, தோல் துகள், எண்ணெய் எல்லாம் போய் உட்காருது. அழுக்கு சேர்ந்தா மேல் மடங்குகள் சாகுது, ஸ்ட்ரிங் ‘டெட்’ ஆகிடுது. ஃப்ளாட்டுல அழுக்கு போய்ச் சேர இடுக்கு ரொம்பக் குறைவு. புதுசுல கொஞ்சம் பளபளப்பு இருக்கும். வாசிக்க வாசிக்க அது போயிடும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா பெரிசா மாறாது. ரவுண்டுக்கு முதல் வாரம்தான் நல்ல வாரம். ஃப்ளாட்டுக்கு முதல் வாரம்தான் மோசமான வாரம்.

இதுக்குப் பெரிய உதாரணம் ஜேம்ஸ் ஜேமர்ஸன். டெட்ராய்ட்ல மோடவுன் கம்பெனியோட ஸ்டூடியோ பேஸிஸ்ட். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளோட ஊர். மோடவுனைத் தொடங்கின பெர்ரி கோர்டியே கார் அசெம்ப்ளி லைன்ல வேலை பார்த்தவர்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்ஸர் கார் செஞ்ச திருவள்ளூர்க்காரங்களுக்கு அந்த ஊர் சட்டுனு புரியும். ஜேமர்ஸன் கையில 1962 ப்ரிஸிஷன், அதுல லா பெல்லா கம்பெனியோட கனமான ஃப்ளாட். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணை வெச்சே வாசிச்சார். ஸ்ட்ரிங் அறுந்தாலொழிய மாத்த மாட்டார்னு அவரைப் பத்திச் சொல்வாங்க. 1971-ல வந்த மார்வின் கே-யோட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் கேளுங்க. நான் சொன்ன ‘தும்’ அங்க இருக்கு.

எல்லாரும் அப்படி இல்ல. அயர்ன் மெய்டனோட ஸ்டீவ் ஹாரிஸும் ஃப்ளாட்தான், ஆனா புது ஸ்ட்ரிங்கோட பளபளப்பு வேணும்னு அடிக்கடி மாத்துவார். அப்போ ஃப்ளாட்னாலே மந்தமான சத்தம்னு முடிவு கட்டவும் கூடாது.

இப்போ காசு கணக்கு. ஃப்ளாட் செட் பொதுவா ரவுண்டைவிட விலை அதிகம், ரெண்டு மடங்குகூட ஆகலாம். ஆனா வருஷத்துக்கு ஆறு செட் ரவுண்ட் வாங்குறவருக்கு, ரெண்டு மூணு வருஷம் ஓடுற ஒரு ஃப்ளாட் செட் லாபம்தான். ஃப்ரெட்டும் குறைவாத்தான் தேயும்.

மாத்துறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, இழுவிசை. அதே நீளம், அதே சுருதி, ஆனா ஸ்ட்ரிங்கோட எடை கூடினா இழுவிசையும் கூடும். நிறைய ஃப்ளாட் செட்டுகள் ரவுண்டைவிட இறுக்கமா இருக்கும். ஜேமர்ஸன் செட் 52-லேர்ந்து 110 வரை. வழக்கமான ரவுண்ட் 45-லேர்ந்து 105. பழைய பேஸோட கழுத்து முன்னாடி வளைஞ்சா ட்ரஸ் ராடைக் கால் சுத்து கால் சுத்தா மட்டும் திருப்புங்க. முரண்டு பிடிச்சா நிறுத்திட்டு ரிப்பேர்காரர்கிட்ட கொடுங்க. ரெண்டு, தடிச்ச ஸ்ட்ரிங் நட் பள்ளத்துல சரியா உட்காருதான்னு பாருங்க. மூணு, வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைங்க. ஃப்ளாட்டும் துருப்பிடிக்கும்.

ஃப்ளாட்டை எப்போதான் மாத்தணும்? சத்தம் மங்குறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. திறந்த ஸ்ட்ரிங்கும் 12-ஆவது ஃப்ரெட்டும் ட்யூனர்ல ஒத்துப்போகுதான்னு பாருங்க. பிரிட்ஜ்ல சேடிலை நகர்த்தியும் ஒத்துவரலைன்னா, ஸ்ட்ரிங் ஃப்ரெட் பட்டுப் பட்டு தேய்ஞ்சிருக்கும். அன்னிக்கு மாத்துங்க. அதுவரைக்கும் அது கிடக்கட்டும், நீங்க வாசிங்க.