வீட்டுக்கு வரும் கீபோர்டு: அரேஞ்சரா, வொர்க்ஸ்டேஷனா?

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்றுக்கொடுப்பது என்றால், ஒரு தலைமுறைக்கு முன்புவரை வாய்ப்பாட்டு, வீணை, வயலின் என்பதோடு நின்றுவிடும். இன்று நிலைமை வேறு. அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் தெருவுக்கு ஒரு கீபோர்டு வகுப்பு நடக்கிறது. "பொண்ணு கிளாஸ்ல சேர்ந்திருக்கா சார், எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" என்று கேட்கும் பெற்றோரும் பெருகிவிட்டார்கள். கடைக்குப் போனால் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு கருவிகளை எடுத்து வைப்பார்கள். இரண்டிலும் 61 கட்டைகள், நடுவில் சின்னத் திரை, பக்கத்தில் பொத்தான்கள். ஒன்றைத் தொட்டதும் ஒரு கச்சேரியே முழங்கும். மற்றது ஸ்பீக்கர் இணைக்காவிட்டால் வாயே திறக்காது. ஆனால் விலையில் வாய் திறக்காததுதான் இரண்டு மூன்று மடங்கு! முழங்குவது அரேஞ்சர் கீபோர்டு. மௌனமாக இருப்பது சிந்தசைசர், அல்லது அதன் மூத்த அண்ணனான வொர்க்ஸ்டேஷன்.

வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் ஸ்பெஷல் நாடக மேடையை நினைத்துப் பார்க்கலாம். மேடையோரம் ஆர்மோனியக்காரர் இருப்பார், அவரருகே மிருதங்கமும் தாளமும். ராஜபார்ட் எந்த இடத்தில் பாட்டை எடுத்தாலும், எந்தச் சுருதிக்குத் தாவினாலும், பக்கவாத்தியம் பின்னாலேயே ஓடிவரும். அரேஞ்சர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். உள்ளே 'ஸ்டைல்' என்ற பெயரில் டிரம்ஸ், பேஸ், கிதார் முதலிய வாத்தியங்களின் வாசிப்பு, சில அளவு நீளத்துக்கு முன்கூட்டியே பதிந்து வைக்கப்பட்டிருக்கும். இடது கையால் ச-க-ப என்று மூன்று கட்டைகளை அழுத்தினால், கருவி அதை இன்ன கார்டு என்று கண்டுகொண்டு, அந்தப் பதிவு முழுவதையும் அதற்கேற்ப இடம் மாற்றி ஒலிக்கும். வலது கை மெட்டை வாசிக்கும். தொடக்கத்துக்கு இன்ட்ரோ, இடையில் ஃபில்-இன், முடிவுக்கு எண்டிங் என எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொத்தான் உண்டு. ரோலண்டு நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த இ-20 இந்த இனத்தின் முன்னோடிகளில் ஒன்று. யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசையும், 2002-இல் வந்த டைரோஸும், கோர்க்கின் பிஏ வரிசையும் இதே குடும்பந்தான்.

வொர்க்ஸ்டேஷன் யாருக்கும் பின்னால் ஓடாது. அது ஒரு பட்டறை. இதில் முதலில் டிரம்ஸை வாசித்துப் பதிவு செய்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டே பேஸ், அதன்மேல் வயலின் கூட்டம், அதற்கும் மேல் புல்லாங்குழல் என்று ஒவ்வொரு தடமாக அடுக்கிக்கொண்டு போகிறோம். இப்படிப் பதியும் பகுதிக்குச் சீக்வென்சர் என்று பெயர். ஒலிகளையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கூர்மையைக் குறைக்கலாம், இரண்டு ஒலிகளைக் கலக்கலாம், சில மாடல்களில் நாமே ஒரு ஒலியைப் பதிந்து கட்டைகளில் ஏற்றலாம். 1988-இல் வந்த கோர்க் எம்-1 என்ற கருவிதான் இந்த இனத்துக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. எட்டுத் தடம், ஒரே நேரத்தில் பதினாறு ஸ்வரங்கள் என்பதுதான் அதன் வசதி. இன்றைக்கு அது அற்பம், அன்றைக்கு அதிசயம். பின்னர் கோர்க் டிரைட்டன் (1999), யமஹா மோட்டிஃப் (2001) எல்லாம் வந்தன.

தமிழ்த் திரையிசையின் போக்கு இந்தப் பட்டறை முறையால் மாறியது நாம் அறிந்ததே. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அவரது குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான் பிற்காலத்து ஏ.ஆர். ரகுமான். தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் ரகுமானின் குடும்பம் பிழைத்தது. அந்தப் பிள்ளை 1992-இல் 'ரோஜா' கொடுத்தார். ஆனால் "ரகுமான் மாதிரி வரணும்" என்று சொல்லி எட்டு வயதுப் பிள்ளைக்கு லட்ச ரூபாய் வொர்க்ஸ்டேஷன் வாங்கித் தருவது வேறு விஷயம். கற்பிக்க ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கருவி பெரும்பாலும் ஒரே ஒரு பியானோ ஒலியோடு காலம் தள்ளும். மீதி ஆயிரம் ஒலியும் மெனுவுக்குள்ளேயே உறங்கும்.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோர்க் 1993-லேயே ஐ-3 என்ற கருவியில் இரண்டையும் ஒன்றாக வைத்தது. இன்றைய விலையுயர்ந்த அரேஞ்சர்களிலும் பதினாறு தடச் சீக்வென்சர் இருக்கிறது. இன்னொரு பக்கம், ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10 போல இந்திய ஒலிகளோடு நம் சந்தையைக் குறிவைத்து வந்த சிந்தசைசர்களும் உண்டு. யமஹாவும் கேசியோவும் 'இந்தியன் கீபோர்டு' என்றே தனி மாடல்கள் விற்கின்றன. தபலா, சித்தார், ஆர்மோனியம், தான்புரா எல்லாம் அவற்றில் உண்டு. 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே யமஹாவின் தொழிற்சாலை இயங்குகிறது என்பது கூடுதல் செய்தி.

இந்த 'இந்தியன்' என்ற சொல்லில்தான் நமக்கு ஒரு சின்ன மனக்குறை. ஸ்டைல் பட்டியலைப் புரட்டினால் கெஹர்வா, தாதரா, பாங்ரா, கர்பா என்று வரிசையாக வரும். நம் தவிலும் உறுமியும் பறையும் இருந்தால் ஒரு மூலையில் இருக்கும், இல்லாமலும் போகும். டப்பாங்குத்துக்கும் கும்மிக்கும் வேண்டிய மும்மை நடையைத் தேடினால், மேல்நாட்டு ஆறு-எட்டு மெல்லிசை ஒன்று கிடைக்கும். அதில் குத்து இருக்காது, தாலாட்டுதான் இருக்கும். 'தகிட தகதிமி' என்று ஏழாக நடக்கும் மிஸ்ர சாபுவுக்கும் 'தக தகிட' என்று ஐந்தாக நடக்கும் கண்ட சாபுவுக்கும் ஆயத்த ஸ்டைல் கிடைப்பது அரிது. அதனால்தான் மேடைக் கலைஞர்கள் பென்டிரைவில் தமிழ் ஸ்டைல்களைப் பதிந்து கைமாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே அரேஞ்சர் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுல எத்தனை ஸ்டைல் இருக்கு?" என்பதல்ல. "வெளியிலிருந்து ஸ்டைல் ஏத்த முடியுமா, நானே ஒண்ணு உண்டாக்க முடியுமா?" என்பதுதான். மலிவான மாடல்கள் பலவற்றில் இதற்கு இடம் இருக்காது. வொர்க்ஸ்டேஷனில் இந்தச் சிக்கலே எழாது. அளவை ஏழு என்று வைத்து, மிருதங்க ஒலியால் ஒருமுறை வாசித்துச் சுற்ற விட்டுவிடலாம். ஆனால் வாசிக்கத் தெரிய வேண்டுமே!

கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைக்கு எது என்பது இன்னும் ஆழமான கேள்வி. கட்டை வாத்தியத்துக்கும் நம் இசைக்கும் உள்ள வழக்கு பழையது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. கட்டைகள் ஸ்வரத்தைப் புள்ளியாகத் தருகின்றன, நம் ராகங்களோ புள்ளிகளுக்கு இடையே வாழ்கின்றன என்பதுதான் குற்றச்சாட்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்கும்வரை பெரிதாகத் தெரியாது. மோகனம்கூடச் சமாளித்துவிடும். தோடிக்கு வந்ததும் குட்டு வெளிப்படும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. அதை ஒரே கட்டையில் அசையாமல் வாசித்தால் ஸ்வரங்கள் சரியாக இருக்கும், தோடி இருக்காது.

இதற்கு மின்னணுக் கருவி தந்த விடைதான் பிட்ச் பெண்ட் சக்கரம். கட்டைகளின் இடது ஓரத்தில் இருக்கும் அந்தச் சக்கரத்தை நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலோ கீழோ போகும். சாதாரணமாக இரண்டு அரைச் சுரங்கள் அளவுக்கு வைத்திருப்பார்கள். அதைக் கூட்டவும் முடியும். சென்னையைச் சேர்ந்த கே. சத்யநாராயணன் இந்தச் சக்கரத்தைக் கொண்டே கமகங்களை எழுப்பி, கீபோர்டை முழுநீளக் கர்நாடகக் கச்சேரி வாத்தியமாக ஆக்கிக்காட்டியவர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கர்நாடக இசை வாசிப்பவரின் இடது கை சக்கரத்தின் மேல் இருக்கும். அரேஞ்சருக்கோ இடது கை கார்டு பிடிக்க வேண்டும். ஒரு கை இரண்டு வேலை செய்ய முடியாது. ஆகவே அரேஞ்சரின் சிறப்பு எதுவோ, அதுவே இவருக்குப் பயன்படாமல் போகிறது. ஸ்டைலுக்குக் கொடுத்த காசு வீண். அதைவிட நல்ல சக்கரம், நீண்டு ஒலிக்கும் குழல் அல்லது வீணை ஒலி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் போர்ட்டமென்ட்டோ வசதி ஆகியவை உள்ள நடுத்தரச் சிந்தசைசர் போதும். சீக்வென்சர்கூட வேண்டியதில்லை. சுருதியைத் தனியாகச் சுருதிப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒலிக்குள் சுருதியையும் சேர்த்துப் பிடித்தால், சக்கரத்தைத் திருப்பும்போது அதுவும் சேர்ந்து வழுக்கும். சில அரேஞ்சர்களில் அரபு இசைக்காக ஸ்வரங்களைக் கால் சுரம் இறக்கும் ஏற்பாடு உண்டு. அது நமக்கு அவ்வளவாக உதவாது. நமக்கு வேண்டியது இறங்கி நிற்கும் ஸ்வரம் அல்ல, அசையும் ஸ்வரம்.

மேற்கத்தியத் தேர்வு எழுதும் பிள்ளைகளின் கதை நேர் எதிர். பெங்களூரில் டிரினிட்டி தேர்வு எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அதில் எலக்ட்ரானிக் கீபோர்டு என்பது தனிப் பாடத்திட்டம், பியானோ என்பது வேறு. கீபோர்டுப் பாடத்திட்டத்தில் ஸ்டைலோடு சேர்த்து வாசிக்க வேண்டிய உருப்படிகள் உண்டு. விலை அதிகம் என்பதால் உயர்வாகத்தான் இருக்கும் என்று நம்பி, ஸ்டைல் இல்லாத சிந்தசைசரை வாங்கிவிட்டால், பிள்ளை வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லாமல் தவிக்கும். பியானோத் தேர்வு என்றால் இரண்டுமே வேண்டாம். 88 கனத்த கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோதான் சரி. எனவே கடைக்குப் போகுமுன் ஆசிரியரிடம், "எந்தப் பாடத்திட்டம் மேடம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அரேஞ்சர் பிள்ளையின் லயத்தைக் கெடுக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். கெடுக்கவும் செய்யும், வளர்க்கவும் செய்யும். தாளம் தானாக ஓடுவதால் பிள்ளை தப்பாக வாசித்தாலும் பின்னணி நின்று காத்திருக்காது. அது நல்ல பயிற்சி. ஆனால் அந்த முழக்கத்தில் விரல் தவறுகள் காதில் விழாமலே போகின்றன. பாடம் விரலில் ஏறும்வரை வெறும் மெட்ரோனோமோடு வாசிக்கட்டும். ஏறிய பிறகு ஸ்டைலைப் போடலாம். டிரான்ஸ்போஸ் பொத்தானிடம் இதைவிட எச்சரிக்கை வேண்டும். பாடுபவர் ஐந்து கட்டை என்றால், நாம் ஒரு கட்டையிலேயே வாசித்துக்கொண்டு பொத்தானைத் தட்டிவிடலாம். மேடையில் அது வரப்பிரசாதம். ஆனால் கற்கும் பருவத்தில் அதையே நம்பினால், பிள்ளை பன்னிரண்டு சுருதிகளில் ஒன்றை மட்டுமே அறிந்தவனாக வளர்வான். இது இரண்டு வகைக் கருவியிலும் இருக்கிற ஆபத்துதான்.

தொழிலாக வாசிப்பவர்கள் கணக்கு வேறு. பெங்களூர் மேடையில் ஒரே மாலையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என நான்கு மொழிப் பாட்டும் வரும். நேயர் விருப்பம் என்று சீட்டு வந்தால் அடுத்த நிமிடம் வாசித்தாக வேண்டும். ஒரு பாடகர், ஒரு பாடகி, ஒரு அரேஞ்சர் இருந்தால் கல்யாண வரவேற்பை முடித்துவிடலாம். முன்பு பத்துப் பன்னிரண்டு பேர் மேடையேறிய மெல்லிசைக் குழுக்கள் மூன்று பேராகச் சுருங்கியதில் இந்தக் கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. மீதி வேலையை மைனஸ்-ஒன் டிராக்குகள் செய்துவிட்டன. தாளக்காரரும் பேஸ் கிதார்காரரும் வீட்டில் உட்கார்ந்ததை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுக் குழு இன்னும் இருக்கிற இடத்தில் கீபோர்டுக்காரருக்கு ஸ்டைல் தேவையில்லை, சிந்தசைசர்தான் தேவை. பல்லவியில் வயலின் கூட்டம், சரணத்தில் குழல், இடையிசையில் மணி என்று நொடியில் ஒலி மாற்றத் தோதானது அதுவே.

தேவாலயத்தில் வாசிப்பவருக்கும் பெரும்பாலும் இதையே சொல்வேன். சபையார் பாடும் கீர்த்தனை ஓரிடத்தில் நீளும், ஓரிடத்தில் விரையும். ஓடுகிற ஸ்டைல் அதற்கு வளைந்துகொடுக்காது. ஜெப வேளையில் மெல்லப் படர்ந்து நிற்கும் ஒலியையும் சிந்தசைசர்தான் அழகாகத் தரும். டிரம்ஸ் வாசிக்க ஆளில்லாத சின்னச் சபைகளில் அரேஞ்சர் கைகொடுக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

விலையைப் பேசும்போது கருவியின் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. வொர்க்ஸ்டேஷனுக்கு ஸ்பீக்கர் அல்லது ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஸ்டாண்டு, பெடல் எல்லாம் தனிச் செலவு. அரேஞ்சரில் ஸ்பீக்கர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் ஹெட்போனுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இரவு பத்து மணிக்குச் சரளி வரிசையைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். கட்டைகள் விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூட்டிக் குறைக்கின்றனவா என்று மெதுவாகவும் பலமாகவும் தட்டிப் பாருங்கள். அந்த உணர்வு இல்லாத கருவி எந்த விலையானாலும் வேண்டாம்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அழுத்தி, சக்கரத்தை விட்டதும் ஸ்வரம் சரியாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று கேட்டு, பிறகு வாங்கலாம். அடாப்டர் தொலைந்துபோயிருந்தால் மட்டும் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். யமஹாவின் முள்ளில் நடுப்பகுதி பாசிட்டிவ், பழைய கேசியோவிலும் ரோலண்டிலும் நடுப்பகுதி நெகட்டிவ். முள் பொருந்தும், வோல்ட்டும் பொருந்துவதுபோல் தோன்றும், கருவி போய்விடும். பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன வட்டக்குறியைப் பார்த்து, அதற்கு ஒத்த அடாப்டரையே கேட்டு வாங்குங்கள்.