பால்கனிக்கு வந்த மண்டையோடு

போன ஆடி மாதத்தில் ஒரு மழை இரவு. தாணேயில் எங்கள் வீட்டுப் பால்கனிச் சுவரில் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. அதன் முதுகில் அச்சு அசலாக ஒரு மண்டையோடு! "ஏங்க, இது வீட்டுக்கு ஆகாதுங்க, துடைப்பத்தால தள்ளிடுங்க" என்றார் என் மனைவி. "இருங்க பாட்டி, போட்டோ எடுத்துக்கறேன்" என்று பேரன் குறுக்கே நின்றான். அடுத்து என்னிடம், "தாத்தா, இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டான்.

ஐரோப்பியப் பூச்சிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, 'அட்ரோபோஸ்' என்று அவனே முடிவும் செய்துவிட்டான். இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்ரோபோஸ், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. அகெரோன்டியா என்ற இந்தப் பேரினத்தில் நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படுபவை வேறு இரண்டு: 1798-இல் ஃபாப்ரீசியஸ் விவரித்த லாக்கெசிஸ், 1847-இல் வெஸ்ட்வுட் விவரித்த ஸ்டிக்ஸ். லாக்கெசிஸ் கிரேக்கர்களின் விதி தேவதைகளில் ஒருத்தி. ஸ்டிக்ஸ், நம் வைதரணி போல, இறந்தவர் உலகத்து ஆறு.

இந்த இரண்டில் நம் வீட்டுக்கு வந்தது எது? பழைய நூல்களைத் தேடினோம். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஹாம்ப்ஸன், இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். கார்வார் பக்கம் வன அதிகாரியாக இருந்த பெல், ஸ்காட் என்பவருடன் சேர்ந்து 1937-இல் இந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு தொகுதி கொண்டுவந்தார். பழைய நூல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பூச்சி பல பெயர்களில் வரும். லாக்கெசிஸுக்கே மோர்ட்டா, சாட்டனாஸ் என்ற பெயர்களும் உண்டு.

முக்கிய அடையாளம் பின்சிறகில் இருக்கிறது. இரண்டுக்கும் பின்சிறகு மஞ்சள்தான். குறுக்கே கரும்பட்டைகளும் உண்டு. ஆனால் சிறகு உடம்போடு சேரும் அடிப்பகுதியில் லாக்கெசிஸுக்குப் பெரிய கறுப்புத் திட்டு இருக்கும். ஸ்டிக்ஸுக்கு அந்த இடம் மஞ்சளாகவே இருக்கும். லாக்கெசிஸ் பொதுவாகப் பெரியது, கருமை கூடியது. ஆனாலும் அளவை மட்டும் நம்பக்கூடாது. சிறகு விரித்தால் லாக்கெசிஸ் சுமார் 10 முதல் 13 செ.மீ. இருக்கும், பெரிய ஸ்டிக்ஸும் அந்த அளவை எட்டிவிடும்.

சரி, போட்டோவைப் பார்த்தால்? பின்சிறகே தெரியவில்லை! அந்தக் காலத்தவர் எழுதியது ஊசி குத்தி, சிறகை விரித்து வைத்த பூச்சியைப் பார்த்து. நாம் எடுப்பதோ உயிரோடு உட்கார்ந்திருக்கும் பூச்சியை. அது முன்சிறகைக் கூரை போல மூடிக்கொள்ளும். நூல் எதைப் பார் என்கிறதோ, அதையே போட்டோ மறைத்துவிடுகிறது.

ஆகவே இனி நம் பிள்ளைகள் படம் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்த வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயமோ ஸ்கேலோ வைத்து ஒன்று. கண்ணாடி ஜன்னலில் உட்கார்ந்தால் மறுபக்கத்திலிருந்து அடிப்புறமும் கிடைக்கும். மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டால் சிறகைத் தூக்கும். பின்சிறகைப் பிடிக்க அதுதான் சமயம். அப்போது எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டாலும் பயப்பட வேண்டாம். தேதி, ஊர், பக்கத்தில் இருந்த செடி, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

இது கெட்ட சகுனமும் இல்லை. தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும். புழுப்பருவத்தில் எள், கத்தரி இலைகளைத் தின்னும். அவ்வளவுதான்.

எங்கள் பூச்சி விடிவதற்குள் பறந்துவிட்டது. பேரன் தன் நோட்டில், 'அகெரோன்டியா. ஸ்டிக்ஸா, லாக்கெசிஸா, தெரியவில்லை' என்று எழுதினான். முதலில் எழுதிய 'அட்ரோபோஸை' அவனே அடித்துவிட்டான். தப்பான பெயரை எழுதினால், அடுத்து வருகிறவன் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வான். 'தெரியவில்லை' என்று எழுதினால், அவன் தேடுவான்.

இந்த ஆடிக்கு எங்கள் வீட்டில் பால்கனி விளக்கை அணைப்பதில்லை. பாட்டியும் துடைப்பத்தை உள்ளே வைத்துவிட்டார்.