காது கேட்டதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்

வேலணை வங்களாவடியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். ஒரு கடையின் குளிரூட்டிய அறையில் அரை மணித்தியாலம் இருந்து பாட்டுக் கேட்டேன். இரண்டு இலட்சம் ரூபாவுக்கு மேலே கொடுத்து ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கினேன். ஓட்டோ பண்ணைப் பாலம் தாண்டும்போது பெட்டிகள் குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். வீட்டில் பொருத்திப் போட்டதும் ஏதோ பிழை என்று காது சொன்னது. பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்கவில்லை. தவிலில் கழி விழும் தொப்பிப் பக்கத்து அடி இருக்கவேண்டிய இடத்தில் வெறுமை. வயர்களை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. பக்கத்து ஊர் றேடியோ திருத்துநர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே தாழ்ந்த ஒலி தரும் ஊஃபருக்குப் போகும் வயரின் நேர்முனையும் எதிர்முனையும் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டு ஊஃபர்களும் ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, தாழ்ந்த ஒலியை ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன.

கடைக்குப் போனேன். வெளியாள் திறந்ததால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். “ஸ்பீக்கர் செற் 1” என்று எழுதி, கீழே தொகை மட்டும் போட்டிருந்தது. மாதிரி எண் இல்லை, தொடர் இலக்கம் இல்லை. இன்னொன்றும் அன்றுதான் விளங்கியது: நான் கடையில் கேட்டது காட்சிக்கு வைத்திருந்த சோடி. கையில் தந்தது முத்திரை உடைக்காத வேறு சோடி. என் காதின் சோதனை நான் வாங்கிய பொருளின் மேல் நடக்கவேயில்லை.

“இனிமையாக இல்லை” என்ற முறைப்பாட்டைச் சட்டத்தால் அளக்க முடியாது. எழுதிய வாக்குறுதியை அளக்கலாம். ஆகவே வாங்குகிறவர் இரண்டு வேலை செய்யவேண்டும்: ஒலியைத் தானே சரியாகச் சோதிக்கவேண்டும், கேட்டதையும் கடைக்காரர் சொன்னதையும் கடதாசிக்குக் கொண்டுவரவேண்டும்.

நம் நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரி ஒருவரிடம் விவரம் சொல்லி வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. ஆனால் அதற்கு ஒரு விலக்கும் உண்டு. வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது இதனால்தான் ஆபத்து. கேட்பதென்றால் ஒழுங்காகக் கேளுங்கள், கொண்டுபோகப்போகும் அதே பெட்டிகளைத் திறந்து போடச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் ஒலியளவைச் சமப்படுத்தவேண்டும். இரண்டு சோடிகளில் ஒன்று சற்றுக் கூடுதலாக ஒலித்தாலே காது அதைத் “தெளிவு” என்றும் “உயிர்ப்பு” என்றும் எடுத்துக்கொள்ளும். விற்க நினைக்கும் சோடியை ஒரு சொட்டுக் கூட்டிவைப்பது பழைய வித்தை. கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, ஒரே கதிரையில் இருந்து, இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்தது கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் ஸ்பீக்கர்களை ஆராய்ந்தவர் ஃபுளொய்ட் டூல். 1994இல் அவரும் ஷான் ஒலிவும் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டினார்கள், திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரேயும். அதே ஸ்பீக்கர்களுக்கு அதே ஆட்கள் கொடுத்த புள்ளிகள் மாறின. கேட்டவர்கள் ஒலித்துறை நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள், அப்படியிருந்தும் தோற்றமும் விலையும் அவர்களின் காதை இழுத்துவிட்டன. நாங்கள் கடையில் திரை கட்டமுடியாது. கண்ணை மூடலாம். கூட வந்தவரை விட்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம்.

கடைக்காரர் வைத்திருக்கும் காட்சிப் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பழகிய ஒலியைக் கொண்டுபோங்கள். எங்கள் தீவகத்தில் பிறந்தவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. கோயில் வீதியில் ஐந்து அடி தூரத்தில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுகள் இவை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தலைமுறை தாண்டியும் பேசும் ஊர் இது. நல்ல பதிவு ஒன்றைப் போட்டு, தொப்பியில் கழி விழும் அடியைக் கவனியுங்கள். கழி எழுந்தபின் ஒலி விரைவில் அடங்கவேண்டும், “பூம்” என்று இழுபட்டால் பெட்டியிலோ அறையிலோ கோளாறு. வலந்தலையில் விரற்கூடு படும் ஓசை தனித்தனியாக விழவேண்டும், சீறலாகக் கரைந்தால் உயர்ந்த ஒலி தரும் ட்வீற்றர் சரியில்லை. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காது கூசினால், அது வாத்தியத்தின் குணமா ஸ்பீக்கரின் குணமா என்று உங்களுக்குத்தான் தெரியும். இதைவிட எளிய சோதனை மனிதக் குரல். முற்றத்தில் வைத்து அம்மாவின் பேச்சைப் பதிந்துகொண்டு போங்கள். பி.பி.சி. பொறியியலாளர்களும் தங்கள் ஸ்பீக்கர்களை உருவாக்கும்போது பேச்சுக் குரலைத்தான் உரைகல்லாக வைத்தார்கள். அம்மா தடிமன் பிடித்தவர் போலக் கேட்டால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: எல்லாக் குறையும் கடைக்காரருடையதல்ல. சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் திரைச்சீலை இல்லாத யன்னலும் உள்ள நம் வீட்டு அறைகள் ஒலியை எதிரொலிக்கும். 12 அடி நீள அறையில் 47 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சுரம் சுவருக்குச் சுவர் முட்டிப் பெருகும். பெட்டியை மூலையில் ஒட்டி வைத்தால் இன்னும் மோசம். கம்பளம், திரை, சுவரிலிருந்து இரண்டடி இடைவெளி எல்லாம் பார்த்த பிறகும் பிழை இருந்தால் முறையிடுங்கள்.

இனி எண்கள். பெட்டியில் “1200 வாற் பி.எம்.பி.ஓ.” என்று பெரிய எழுத்தில் இருக்கும். இந்த பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது. அதே பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு அடப்டரை எடுத்து அதன் பொடி எழுத்தைப் பாருங்கள்: 12 வோல்ற், 2 அம்பியர். பெருக்கினால் 24 வாற். உள்ளே போவது 24 என்றால் தொடர்ந்து வெளியே வருவது அதற்கும் குறைவுதான். கேட்கவேண்டியது தொடர்ந்து வரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாற், எத்தனை ஓம், ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் எத்தனை டெசிபெல் என்ற மூன்றும்தான். வாற்றை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாற் வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் பொருட்களில் வேறொரு ஆபத்து. ரொறன்ரோவிலிருந்து வந்த அம்பிளிஃபயரின் பின்புறம் “120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்” என்று மட்டும் இருந்தால் அதை நம் 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே செருகாதீர்கள். உள்ளே கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். பிளக்கை மாற்றினால் போதும் என்று நினைத்துச் செருகுகிறார்கள். மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம் வேண்டும். “100–240” என்றிருந்தால் பயமில்லை. பாரிஸ், சூரிச், லண்டன் பொருட்களுக்குப் பெரும்பாலும் மின்னழுத்தச் சிக்கல் இல்லை, பிளக் மட்டும் வேறுபடலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிரும், ரப்பர் கூடக் காலம் நிற்கும். இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாகச் சமமாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கோணிவிட்டது. எங்கள் சாட்டிக் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்று செப்பு முனைகளைப் பச்சை பிடிக்கவைக்கும். அழுத்திய மரத்தூள் பலகை அடியில் ஊதியிருக்கும்.

வாங்கியபின் எவ்வளவு சத்தம் வைக்கலாம் என்பதும் பாதுகாப்புச் சார்ந்ததே. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. 90 டெசிபெல்லில் அது 4 மணித்தியாலமாகிவிடும். வெளியில் ஒலிபெருக்கி கட்டுவது வேறு விடயம்: அதற்குப் பொலிஸ் அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது.

பிழையான பொருள் வந்தால் முதலில் செய்யக்கூடாதது, நான் செய்தது: திறக்கவேண்டாம். கைபேசியில் ஒளிப்பதிவு எடுங்கள். கடைக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். கடை அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளுக்கு எழுத்து மூலம் 3 மாதத்துக்குள் முறையிடவேண்டும். “பார்ட்ஸ் வரும், அடுத்த மாதம் வாங்கோ” என்று கடைக்காரர் இழுக்க இழுக்க இந்த மூன்று மாதம்தான் கரையும். விசாரணையில் பிழை தெரிந்தால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என எதையும் அதிகாரசபை கட்டளையிடலாம். அவசர இலக்கம் 1977. பொய்யான விவரம் சொல்லி விற்பதையும் இதே சட்டம் தடை செய்கிறது. கடை இல்லாமல் தனியாள் ஒருவரிடம் பழையதை வாங்கி ஏமாந்தால் மத்தியஸ்த சபையை நாடலாம், அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், இரண்டு பெட்டிகளின் தொடர் இலக்கங்கள், ஆர்.எம்.எஸ். வாற், ஓம், உத்தரவாதக் காலம், இத்தனை நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற வரி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரியை எழுதக் கடைக்காரர் மறுத்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அடுத்த கடையிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.