கல்லூரி மூடினாலும் படிப்பு நிற்கலாமா?

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டன. தாராவியின் ஒற்றை அறை வீடுகளே வகுப்பறைகளாயின. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியில் தகப்பனார் வேலை விசாரிக்க வேண்டும். மகளும் பாடம் கேட்க வேண்டும்.

மூத்த பிள்ளையின் கல்விக் கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் வழிவிட்டது. ஆகஸ்ட் 31 வரை சலுகை நீடித்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது.

கட்டணத்தில் பரிவு காட்டுமாறு பல்கலைக்கழக மானியக் குழு மே மாதம் கல்வி நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், கட்டளையல்ல. மனம் சோர்ந்த மாணவர்களுக்காக ஜூலை 21-ல் மத்திய அரசு 'மனோதர்ப்பண்' தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியது.

மறுபடி இப்படியொரு காலம் வந்தால், பிள்ளையின் படிப்பை நிறுத்துமுன், தவணை கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.