கரும்புத் தோகை மஞ்சளாவது ஏன்?

தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பக்கத்து விளைநிலங்களில் பெரும்பகுதி இன்று மனைகளாகிவிட்டது. ஆயினும் தெற்கே செங்கல்பட்டைக் கடந்து, படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஒட்டிய ஊர்களில் கரும்பு இன்றும் பயிராகிறது. அங்குச் சாகுபடி செய்வோர்க்குப் பயன்படுமாறு இக்கட்டுரையை வரைகின்றோம்.

தோகை மஞ்சளானதும் யூரியாவை வாங்கி இறைப்பது வழக்கமாகிவிட்டது. இழை அறுந்த இடத்தைத் தேடாமல் தறியை ஓட்டும் நெசவாளர் உண்டோ? மஞ்சள் நிறம் ஒன்றே, காரணங்களோ பல. காரணம் தவறினால் உரச்செலவு வீணாவதோடு, நோயுற்ற கரணை அடுத்தவர் வயலுக்கும் போய்ச் சேரும்.

முதலில் எந்தத் தோகை மஞ்சளாகிறது என்று நோக்குக. அடித்தோகைகள் முதலில் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவெனக் கொள்ளலாம். இளந்தோகைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் மறுதாம்புப் பயிரிலும் இது மிகுதி. லிட்டர் நீருக்கு 5 முதல் 10 கிராம் அன்னபேதி கரைத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பசுமை திரும்பும். ஏரிப்பாசன வயல்களில் மழைக்காலத்தில் நீர் தேங்கி மஞ்சளாவதும் உண்டு. அதற்கு மருந்து வடிகாலே.

தூர் எளிதில் பெயர்ந்து கையோடு வருமாயின் வேரருகே மண்ணைக் கிளறி வெண்புழு உளதா எனப் பார்க்க. மேலிருந்து மூன்றாம், நான்காம் தோகைகள் மஞ்சளாகிக் காய்ந்தால் கரும்பைப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே செந்நிறமும், குறுக்கே வெண்திட்டுகளும், சாராய நெடியும் இருப்பின் அது செவ்வழுகல். அத்தூரை வேரோடு அகற்றி எரித்துவிடுக. அவ்வயலில் மறுதாம்பு விடலாகாது. மெல்லிய வெளிறிய சிம்புகள் புல்போல் அடர்ந்தால் அது புல்தண்டு நோய்.

இனி, மஞ்சள் இலை நோய். இதில் நடுநரம்பின் அடிப்புறம் முதலில் மஞ்சளாகும்; பின்னர் மஞ்சள் தோகை முழுதும் பரவி, நுனியிலிருந்து காயும். இடைக்கணுக்கள் குறுகி, உச்சியில் தோகைகள் கொத்தாகத் தோன்றும். பெரும்பாலும் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பயிரிலேயே இது வெளிப்படும். 1980-களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் அறியப்பட்ட இந்நோய், இந்தியாவில் 1999-இல் பதிவாயிற்று. 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் அறிஞர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். காரணம் ஒரு வைரஸ். கரும்பு அசுவினி இதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும். ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதோ விதைக்கரணையே.

நோயுற்ற பயிரைத் தேற்ற மருந்தில்லை. நீராவி நேர்த்தி புல்தண்டு நோயைத் தடுக்கும், இவ்வைரஸை அகற்றாது. குருத்து நுனியிலிருந்து வளர்த்த திசு வளர்ப்பு நாற்றுகளே நோயற்ற விதைக்கு வழி. அவற்றைத் தனி நாற்றங்காலில் பெருக்கி வழங்குவது தனியொருவருக்கு அரிது. சங்கமாகச் சேர்ந்தால் எளிது.

ஆதலின் அங்கத்தினர்கள் கரணை வாங்குமுன் தாய்ப்பயிரை முதிர்ந்த நிலையில் நேரில் கண்டு, நடுநரம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குவார்களாக. ஐயமுள்ள வயலின் கரும்பை ஆலைக்கு அனுப்பலாம். அண்டை வீட்டாருக்கு விதையாக மட்டும் கொடுக்க வேண்டாம்.