சிவப்பு விளக்கின் எச்சரிக்கை

மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1984இல் அறிமுகம் செய்த ‘டபிள்யூ 124’ வகைக் கார், 1995இல் நம் நாட்டில் பூனாவிலும் பூட்டப்பட்டது. உறுதிக்குப் பேர்பெற்ற வண்டிதான். எனினும் வயதேறிய வாகனம் தன் பிணியை விளக்குகளின் வாயிலாகவே உரைக்கிறது.

பிரேக் தொடர்பாக அதில் மூன்று விளக்குகள் உண்டு. முதலாவது, சிவப்பு விளக்கு. பார்க்கிங் பிரேக்கை விடுவித்த பின்னும் அது எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்துள்ளதாகப் பொருள். ஆயிலை ஊற்றி, விளக்கு அணைந்ததும் புறப்பட்டுவிடுவோர் உளர். இதுவே பேராபத்து! ஆயில் காரணமின்றிக் குறைவதில்லை. பேடுகள் தேய்ந்திருக்கலாம், எங்கேனும் கசிவும் இருக்கலாம். காரணமறியாது நிரப்புவது நோயை மறைப்பதாகும். பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் வண்டியை நகர்த்தவே கூடாது.

இரண்டாவது, பேட் தேய்மான விளக்கு. பேடினுள் பதித்த கம்பி, தேய்மானம் மிகுந்ததும் சுழலும் தட்டைத் தொடுவதால் இது எரிகிறது.

மூன்றாவது, ஏ.பி.எஸ். விளக்கு. இது மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இயங்கும். ஆனால் திடீரென அழுத்துகையில் சக்கரங்கள் இறுகி வண்டி சறுக்கக்கூடும். பாட்டரியின் வலுவையும், ஓவர் வோல்டேஜ் ரிலேயின் மேலுள்ள ஃபியூஸையும், சக்கர சென்சார்களையும் முறையே சோதிக்க வேண்டும்.

‘பிஸ்மி’ கூறிச் சாவியைத் திருப்புகையில் இவ்விளக்குகள் எரிகின்றனவா என்றும் பாருங்கள்; எரியாத விளக்கு எச்சரிக்காது. உடன் அமர்ந்திருக்கும் மனைவி மக்களின் உயிர் நம்மிடம் அமானிதம். ஆவன செய்தபின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்போமாக!